நிரப்பல் வகை பூச்சியம்

சுமித்திரா வளர்ந்த வீட்டில் பூச்சியத்தைவிட நல்ல எண் வேறெதுவும் இருக்கவில்லை.

அவளுடைய அம்மா மீனம்மா பதின்மூன்று வருடங்களாக மிதிவெடி அகற்றும் வேலை செய்கிறவள். விடியமுன் வரும் வாகனத்தில் ஏறிப் போய், மார்புக்கவசமும் முகக்கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, ஒரு மீற்றர் அகலத் துண்டு ஒன்றில் முழந்தாளிட்டு, மண்ணைச் சுரண்டிச் சுரண்டி முன்னேறுவாள். வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் சின்னக் கொப்பியில் அன்று பார்த்த துண்டைப் பெட்டியாகக் கீறி, அதற்குள் எடுத்த வெடிகளின் எண்ணிக்கையை எழுதவேண்டும். பெட்டியை வெறுமையாக விடக்கூடாது. வெறுமை என்றால் அங்கே இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்றால் பூச்சியம்.

பின்னேரங்களில் அம்மா வாகனத்தால் இறங்கி வரும்போது சுமித்திரா வாசல் படலையடியில் நின்று கேட்பாள்.

"இண்டைக்கு எத்தினை முட்டை?"

"பன்னெண்டு முட்ட. எங்க டீமே கோழிப்பண்ணதான் போ."

பன்னிரண்டு பேரும் பூச்சியம் எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டு பேரும் இரண்டு காலோடும் இரண்டு கையோடும் வீடு திரும்பியிருக்கிறார்கள். அன்றைக்குச் சோறு நிம்மதியாக இறங்கும்.

அப்பா பழனியாண்டி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வன்னிக்கு ஓடிவந்தவர். ஜெயபுரத்தில் காடு வெட்டிக் காணியாக்கி, கச்சானும் சோளமும் போட்டு, ஒரு கொட்டிலைப் பிறகு வீடாக்கினார். இரண்டாயிரத்து ஒன்பதில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செல் விழுந்து செத்துப்போனார். அவரைத் தாட்ட இடம் எதுவென்று மீனம்மாவால் பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது சுமித்திராவுக்குப் பதினொரு வயது. முகாமில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்து திரும்பி வந்தபோது வீட்டின் அத்திவாரம் மட்டும் கிடந்தது. மீனம்மா அந்த அத்திவாரத்தைத் திரும்பிப் பார்க்காமல் கிளிநொச்சிக்கு வந்து மிதிவெடி வேலைக்குப் பெயர் கொடுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் சுமித்திரா வீட்டில் பேசும் மலையகத் தமிழில் "ஆமா" என்றால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆறு மாதத்தில் "ஓம்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். பிறகு வவுனியாவில் ஆங்கிலத்தில் கணிதமும் கணினியும் படித்தாள். எந்த மொழியிலும் அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. எண்களோடு இருந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்பது அவளுடைய எண்ணமாக இருந்தது.

படிப்பு முடிந்ததும் அம்மா வேலை செய்த அதே நிறுவனத்தின் வரைபட அறையில் வேலை கிடைத்தது. ஏ-ஒன்பது வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் தகரக்கூரை போட்ட ஓர் அறை. மூன்று கணினிகள், ஒரு பெரிய அச்சுப்பொறி, மழைக்கு ஒழுகும் ஒரு மூலை. அறைக்குப் பொறுப்பானவர் ஜெயந்தன். அக்கராயனில் குளத்துக்குக் கீழே வயல் வைத்திருக்கும் மனிதர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணி பெற்று வந்த குடும்பம். விதைப்புக் காலத்தில் அவருடைய சப்பாத்தில் சேறு ஒட்டியிருக்கும்.

போன வருடம், வருட முடிவோடு நிறுவனம் கிளிநொச்சியை விட்டுப் போவதென்று தீர்மானமானது. போவதற்கு முன்னால், மாவட்டத்தில் இன்னும் துப்புரவாக்க வேண்டிய இடங்களின் கடைசிப் பட்டியலைத் தயாரித்துக் கொடுக்கவேண்டும். பட்டியலில் உள்ள இடத்துக்கு நாளை வேறு யாராவது வருவார்கள். பட்டியலில் இல்லாத இடத்துக்கு இனி எவரும் வரப்போவதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் வவுனியாவில் ஒரு பழைய களஞ்சியத்தை ஒதுக்கியபோது, இரும்பு அலுமாரிக்குள்ளிருந்து ஒரு பெட்டி இறுவட்டுகள் கிடைத்தன. கடைசிச் சண்டைக்கு முந்திய சமாதான காலத்தில் இரண்டு வருடம் இங்கே வேலை செய்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் வரைபடங்கள். இருநூற்றுப் பதினான்கு கோப்புகள். அந்த நிறுவனம் இப்போது இல்லை. அந்தப் படங்களைக் கீறிய மென்பொருளும் எங்கும் இல்லை. சுமித்திரா ஒரு கோப்பைத் திறந்தபோது திரை நிறைய எண்கள் வரிசை வரிசையாக வந்தன.

ஜெயந்தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன இது, லொத்தர் முடிவு மாதிரிக் கிடக்கு."

"படம்தான் சேர். எண்ணால எழுதிக் கிடக்கு."

"அப்ப எண்ணுக்கு ஆர் பொருள் சொல்லுறது?"

"கீறினவர்தான் சொல்லோணும். எல்லாக் கோப்பிலும் ஒரே பேர்தான் இருக்கு. கிருபன் எண்டு."

ஜெயந்தன் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "கிருபனோ. பரந்தன் பக்கத்துப் பெடியன். வடிவாய்க் கீறுவான். கடைசிச் சண்டையில பாலத்தால தப்பி வந்தவையில ஆரும் அவனைக் காணேல்லை."

வன்னியில் அந்த வசனத்துக்குப் பிறகு கேட்பதற்கு ஒன்றும் இருப்பதில்லை.

இந்தப் பழைய படங்கள் புகைப்படம் போன்றவை அல்ல. கீறும் கைக்குச் சொல்லும் கட்டளைகளாக எழுதப்பட்டவை. இந்தப் புள்ளிக்குப் போ. அங்கிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு இழு. சுற்றி வந்து பரப்பை மூடு. மூடிய பரப்பை இந்த வகைக் கீறலால் நிரப்பு. ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண். எந்த எண் எந்தக் கட்டளை என்று ஒருமுறை தீர்மானித்துப் பெயர் வைத்துவிட்டால், இருநூற்றுப் பதினான்கு கோப்புகளையும் கணினி தானாகவே புதிய முறைக்கு மாற்றித் தரும். அப்படி ஒருமுறை வைத்த பொருள் பிறகு எந்தக் கோப்பிலும் மாறாது. பல்கலைக்கழகத்தில் அதற்கு மாறிலி என்று படித்திருந்தாள். சீ.ஆர். என்ற தடித்த மட்டைக் கொப்பி ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் 'மாறிலிகள்' என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டாள்.

முதல் வாரத்தில் ஒன்று என்றால் போ, இரண்டு என்றால் கோடு, ஐந்து என்றால் மூடிய பரப்பு என்று பிடிபட்டது. ஒன்பது ஒரு சின்ன வட்டம், நடுவில் சிலுவை. ஒரு கோப்பில் அதன் பக்கத்தில் ஒரு திகதியும் வயதும் இருந்ததால் அது விபத்து நடந்த இடம் என்று விளங்கியது. நாற்பது அலகு தாளில் ஒரு மில்லிமீற்றர் என்று கண்டுபிடிக்க அக்கராயன் குளம் உதவியது. அந்தக் கோப்பில் குளத்தின் அணைக்கட்டு கீறப்பட்டிருந்தது. அதன் நீளம் ஜெயந்தனுக்கு மனப்பாடம். ஆனால் படம் திரையில் வந்தபோது அவர் தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தார்.

"உது சரியெண்டா என்ர வயலுக்குத் தண்ணி மேல ஏறியெல்லோ வரோணும்."

படம் தலைகீழாக வந்திருந்தது. மேலும் கீழும் எந்தத் திசையில் எண்ணப்படுகின்றன என்ற மாறிலியைத் திருப்பிப் போட்டதும் குளம் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நிரப்பல் வகைகளுக்கு அச்சுத்தாள்கள் உதவின. இறுவட்டுப் பெட்டியின் அடியில் மூன்று தாள்கள் மடித்துக் கிடந்தன. மூலையில் விளக்கம் இருந்தது. சரிவுக் கீறல் என்றால் மிதிவெடி உண்டு. புள்ளிகள் என்றால் சந்தேகம். கட்டம் என்றால் துப்புரவாக்கியது. அந்த மூன்று படங்களின் கோப்புகளையும் தேடியெடுத்து ஒப்பிட்டாள். சரிவுக் கீறல் ஒன்று, புள்ளி இரண்டு, கட்டம் மூன்று.

மிஞ்சியது பூச்சியம். முப்பத்தொரு கோப்புகளில், ஐம்பத்தெட்டு பரப்புகளில் நிரப்பல் வகை பூச்சியம் என்று இருந்தது. அச்சுத்தாள்கள் மூன்றிலும் ஒவ்வொரு பரப்புத்தான் கீறியிருந்தபடியால் அவற்றில் பூச்சியம் வரவில்லை.

"பூச்சியத்துக்கு என்ன போடுறது சேர்?"

"பூச்சியம் எண்டா பூச்சியம்தானே. வேணுமெண்டா கொம்மாவைக் கேளும்."

அம்மாவைக் கேட்க அவளுக்குத் தேவை இருக்கவில்லை. பெட்டியாக ஓர் எல்லை, அதற்குள் ஒரு பூச்சியம். அவள் பதின்மூன்று வயதிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் பார்த்த கொப்பி. போய்ப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. சீ.ஆர். கொப்பியில் 'நிரப்பல் வகை 0: ஒன்றுமில்லை' என்று எழுதினாள். யோசிக்க அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. விதிப்படி மாற்றம் செய்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கையெழுத்து வேண்டும். அவள் வைத்தாள். மூன்று அச்சுத்தாள்களையும் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஜெயந்தனும் வைத்தார்.

புதிய வரைபடத்தில் அந்த ஐம்பத்தெட்டு இடங்களும் வெள்ளையாக வந்தன. வெள்ளை இடங்கள் பட்டியலில் சேரவில்லை. பட்டியல் ஒக்ரோபர் நடுவில் கொழும்புக்குப் போனது.

அதற்கு இரண்டு நாள் பிந்தி, பூநகரி பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு வயதாளி வரைபட அறையின் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். கையில் சொப்பிங் பை. அதற்குள் காணிப் பேர்மிற்றின் நான்கு பிரதிகள்.

"பிள்ளை, இஞ்ச காணி பாத்துச் சொல்லுறவையோ?"

"கடிதம் தந்தா சேர் பாத்துப் பதில் போடுவார் ஐயா."

"கடிதம் எழுதத் தெரிஞ்சா நான் ஏன் பஸ்ஸில வாறன். ஜெயபுரம். இளையதம்பி எண்டு சொன்னால் ஆருக்கும் தெரியும்."

ஜெயபுரம் என்றதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவரும் அவளை உற்றுப் பார்த்தார்.

"நீ பழனியாண்டியின்ர மோளெல்லோ. அதே நெத்தி. கொப்பன் என்னட்டை மண்வெட்டி வாங்கிக்கொண்டு போனவன், இன்னும் தரேல்லை."

அவளுக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். அப்பாவைப் பற்றி யாரும் சிரித்துக் கதைத்து அவள் கேட்டு எவ்வளவோ காலம். கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருக்கச் சொன்னாள். வெளியாட்களுக்குத் திரையைக் காட்டக்கூடாது என்பது விதி. ஜெயந்தன் அன்று வயல் வேலைக்காக லீவு. அவள் ஜெயபுரத்துக் கோப்பைத் திறந்தாள்.

அவருடைய வளவின் பின்பக்கம், வாய்க்கால் ஓரமாக ஒரு நீளத்துண்டு இருந்தது. பதினைந்து வருடமாக அதில் கால் வைத்ததில்லை என்றார். மகன் கட்டாரில். மருமகள் தேனுகா அடுத்த வளவில் வீடு கட்டி இருக்கிறாள், அவளுக்கும் ஆடு கட்ட அந்தப் பக்கம்தான் நிழல். மழை தொடங்கமுன் வேலி அடைக்கவேண்டும். நட்டால் துளிர்க்கும் கதியால் தடிகளும் வெட்டி வைத்தாயிற்று.

"முந்தி அதில சிவப்புக் கட்டை நட்டிருந்தவங்கள் பிள்ளை. சமாதான நேரம். பிறகு சண்டையில கட்டையெல்லாம் போயிட்டுது. அதுதான் கேக்கிறன்."

அவள் திரையைப் பார்த்தாள். வாய்க்கால் ஓரமாக இரண்டு பரப்புகள். வாய்க்காலுக்கு அப்பால் ஒன்று, சரிவுக் கீறல். இப்பால் மற்றது, அவருடைய துண்டும் தேனுகாவின் வளவு ஓரமும், வெள்ளை.

"அங்கால கிடக்கிறதுதான் ஐயா ஆபத்து. அது பட்டியலில இருக்கு. உங்கட பக்கம் பாத்திட்டு ஒண்டுமில்லை எண்டு எழுதியிருக்கினம்."

"வெள்ளையெண்டா வெள்ளைதானே?"

"ஓம்."

அவர் எழும்பி, பேர்மிற்றுகளை மடித்துப் பைக்குள் வைத்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "மண்வெட்டியை மறந்திடு. இண்டையோட கணக்குத் தீந்துது."

ஒன்பது நாட்களுக்குப் பிறகு, முற்பகல் பத்து மணியளவில், அலுவலகத் தொலைபேசி அடித்தது. ஜெயந்தன் எடுத்தார். எதிர்ப்பக்கம் பேசப் பேச அவர் ஒரு தாளில் எண்களை மட்டும் எழுதினார். அமைவிட எண்கள். பிறகு தாளை அவளிடம் நீட்டினார்.

"ஜெயபுரத்தில ஒராள் மிதிவெடியில அகப்பட்டிட்டாராம். வேலி அடைச்சிருக்கிறார். நாலாவது கதியாலை நட்டு, மண்ணைக் காலால மிதிச்சு இறுக்கேக்க. வலது கால், முழங்காலுக்குக் கீழ. எங்க எண்டு போட்டுப் பாரும்."

பெயர் சொல்லவில்லை. அவளுக்குத் தேவைப்படவும் இல்லை. எண்களைத் தட்டினாள். புள்ளி போய் விழுந்தது வெள்ளையின் நடுவில்.

மாற்றிய படத்தை மூடிவிட்டு, கிருபனின் பழைய கோப்பைத் திறந்தாள். எண்கள். வாய்க்காலுக்கு அப்பாலுள்ள பரப்பு: எல்லை, நிரப்பல் வகை ஒன்று. இப்பாலுள்ள பரப்பு: எல்லை, நிரப்பல் வகை பூச்சியம். அடுத்த கோப்பு. இரண்டு என்று ஒரு பரப்பு, அதன் பின்னால் பூச்சியம், பூச்சியம். அடுத்தது. ஒன்று, பூச்சியம். கையில் பென்சிலை வைத்துக்கொண்டு முப்பத்தொரு கோப்புகளையும் பார்த்தாள். ஐம்பத்தெட்டு பூச்சியங்களில் ஒன்றுகூட ஒரு படத்தின் முதற் பரப்பாக வரவில்லை. எப்போதும் இன்னொன்றின் பின்னால்தான் வந்தது.

ஒன்றுமில்லை என்பதுதான் பொருளென்றால், எங்காவது ஒரு படமாவது பூச்சியத்தில் தொடங்கியிருக்கும்.

கிருபன் முதல் துண்டைக் கீறி அதற்கு வகை கொடுத்திருக்கிறான். அடுத்த துண்டும் அதே வகை என்றால் மறுபடி சொல்லத் தேவையில்லை. முன்பிருந்ததே. அதைத்தான் அந்த மென்பொருள் பூச்சியம் என்று எழுதி வைத்திருக்கிறது. பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் பரந்தன் பெடியன் ஒருவன் தன் கைவேலையைச் சுருக்கிக்கொண்டதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அவன் கீறியது முழுக்கச் சரி.

அவள் மாறிலியில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். கணினி இருநூற்றுப் பதினான்கு கோப்புகளையும் மறுபடி மாற்ற நான்கு நிமிடம் எடுத்தது. மாவட்டப் படத்தில் வெள்ளை இடங்கள் ஒவ்வொன்றாகக் கீறலாலும் புள்ளியாலும் நிரம்பி வந்தன. ஜெயபுரம், பூநகரி ஓரம், முல்லைத்தீவு எல்லைப் பக்கம். மூன்று இடங்களில் கீறலுக்கு மேல் வீடுகளின் சிறு சதுரங்கள் தெரிந்தன. கட்டிப் பத்து வருடமான வீடுகள்.

"சேர், வந்து பாருங்கோ."

ஜெயந்தன் நின்றபடியே பார்த்தார். அவள் விளக்கிச் சொன்னாள். கடைசியில் கேட்டார்.

"ஐம்பத்தெட்டும் இப்பிடியே?"

"கட்டத்துக்குப் பின்னால வாறது ஏழு. அது துப்புரவாக்கினது. மிச்சம் ஐம்பத்தொண்டு."

"அந்தத் தாளில ரெண்டு கையெழுத்து இருக்கு சுமித்திரா. ஒண்டு உம்மட. மற்றது என்ர."

"ஓம் சேர்."

"திங்கட்கிழமை நிறுவனத்துப் பெரியவர் வாறார். அவருக்கு நேரில சொல்லலாம். நாலு நாள்தானே."

"இளையதம்பி ஐயாட்டை வெள்ளையெண்டு சொன்னது நான் சேர். இந்த அறையில இருத்தித் திரையைக் காட்டினனான். அவர் சிவப்புக் கட்டை இருந்தது எண்டும் சொன்னவர்." அவளுடைய குரல் உயரவில்லை. "மற்றவையும் வேலி அடைக்கிற நேரம்."

ஜெயந்தன் வெளியே போனார். தண்ணீர்த் தாங்கியடியில் முகம் கழுவினார். முகத்தைத் துடைக்காமலே திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"இப்பவே அனுப்பும். கொழும்புக்கும், மாவட்டக் கச்சேரிக்கும், எல்லாக் கிராம சேவையாளருக்கும். சரிபார்த்தவர் எண்டு என்ர பேரை முதல்ல போடும். குளம் தலைகீழாய்க் கிடக்கிறதைக் கண்டுபிடிச்ச எனக்கு இது தெரியேல்லை."

அன்று பின்னேரம் படலையடியில் நின்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. மீனம்மா மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். சுமித்திரா முழுவதையும் சொன்னாள். மீனம்மா தன் சின்னக் கொப்பியை எடுத்து மடியில் விரித்து, பெட்டிகளையும் பூச்சியங்களையும் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதுற மாதிரியே நீயும் நெனச்சிட்ட."

"ஆமாம்மா."

பல வருடங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது.

"எளையதம்பி ஒங்கப்பாவுக்கு மொத மொத வெத கச்சான் குடுத்த மனுசன்," என்றாள் மீனம்மா. கொப்பியை மூடிவிட்டு, "நாளைக்கி எங்க டீமத்தான் அங்க போடுவாங்க. நானே போறேன்," என்றாள்.

சனிக்கிழமை சுமித்திரா யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். இளையதம்பி கட்டிலில் நிமிர்ந்து படுத்திருந்தார். போர்வை ஒரு பக்கம் பாதியில் தட்டையாக இருந்தது. பக்கத்தில் வாங்கில் தேனுகா. அவள் சுமித்திராவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது சொல்வதற்கென்று சுமித்திரா வசனங்களை அடுக்கி வைத்திருந்தாள்.

"பிழை என்ர, ஐயா," என்று மட்டும் சொன்னாள். "படம் சரி. நான்தான் பிழையாய் வாசிச்சனான்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "மருமோள் ஆடு கட்டுறது அடுத்த துண்டு. அது எப்பிடி?"

"அதுவும்தான். இப்ப நாடா கட்டி மறிச்சிட்டினம். அம்மா அங்கதான் நிக்கிறா."

"மீனம்மாவோ." அவர் கண்ணை மூடினார். "அவவைப் பாத்து நடக்கச் சொல்லு."

தேனுகா திரும்பாமலே சொன்னாள்: "போங்கோ. வந்தது காணும்."

அவள் போனாள்.

விசாரணை நடந்தது. கொழும்பிலிருந்து வந்தவர்கள் சீ.ஆர். கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தார்கள். ஏன் அப்படி எழுதினீர் என்று கேட்டபோது, எங்கள் வீட்டில் பூச்சியம் என்றால் அப்படித்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. யோசிக்காமல் எழுதினேன் என்றாள். அதுவும் உண்மைதான். ஜெயந்தன் மாத முடிவோடு வேலையை விட்டு விதைப்புக்குப் போனார். திருத்திய பட்டியலை ஏற்றுக்கொண்டார்கள். ஐம்பத்தொன்றில் பத்தொன்பது இடங்களைத்தான் நிறுவனம் போவதற்கு முன் பார்க்க முடிந்தது. மிச்சம் பட்டியலில் இருக்கின்றன. வருகிறவர்கள் வரும்வரைக்கும் இருக்கும்.

இளையதம்பியின் துண்டில் மீனம்மாவின் அணி ஏழு எடுத்தது. அடுத்த துண்டில், தேனுகாவின் ஆட்டுக்கட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒன்று இருந்தது. ஆடு அதைச் சுற்றிச் சுற்றிப் புல்லை மொட்டையாக மேய்ந்திருந்தது. அதை எடுத்த பின்னேரம் மீனம்மா கொப்பியை மேசையில் விரித்து வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள். பெட்டிக்குள் ஒன்று என்று எழுதியிருந்தது. கீழே, வழமையில் இல்லாதபடி, 'ஆட்டுக்கட்டை' என்று கோணல் எழுத்தில் இருந்தது. முட்டை பற்றி அந்த வீட்டில் பிறகு யாரும் கதைக்கவில்லை.

மார்கழி கடைசி வாரத்தில், அறையைப் பூட்டித் திறப்பை ஒப்படைக்குமுன், சுமித்திரா ஜெயபுரத்து வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்துச் சுருட்டிக்கொண்டு பூநகரி பஸ்ஸில் ஏறினாள். இளையதம்பி வளவுக்குள் பூவரசு நிழலில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். ஊன்றுகோல் இரண்டும் மரத்தில் சாத்தியிருந்தன. பின்பக்க வேலி மூன்று கதியாலோடு நின்றது. மூன்றும் மழைக்குத் துளிர்த்திருந்தன.

தேனுகா குசினி வாசலில் நின்று பார்த்தாள். இந்தமுறை போகச் சொல்லவில்லை.

சுமித்திரா தாளை அவர் மடியில் விரித்துப் பிடித்தாள். வாய்க்கால் இது, வளவு இது, தேனுகாவின் வீடு இது என்று காட்டினாள். அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"இதில என்ர கால் எங்க?"

அவள் விரலை வைத்தாள். சின்ன வட்டம், நடுவில் சிலுவை. பக்கத்தில் திகதி, வயது அறுபத்தாறு.

"ஆர் போட்டது?"

"நான்தான் ஐயா."

"சரியான இடத்தில போட்டியோ?"

"ஓம். மூண்டாம் கதியாலில இருந்து அளந்து போட்டனான்."

அவர் தலையாட்டினார். இப்போது துப்புரவாகிக் கட்டம் போட்ட பகுதியைக் கடந்து, தாளின் ஓரம்வரைக்கும் பரந்து கிடந்த வெறும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"அப்ப இந்த வெள்ளை?"

அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டிய பதில் அவளிடம் இருந்தது. அவளுடைய அம்மா ஒவ்வொரு பின்னேரமும் பெட்டியை வெறுமையாக விடாததற்குக் காரணமான பதில்.

"வெள்ளையெண்டா அங்க இன்னும் ஒருத்தரும் பாக்கேல்லை ஐயா. அவ்வளவுதான்."

இளையதம்பி கையை எடுக்கவில்லை. குசினிப் பக்கம் திரும்பி, "தேனுகா, இதைச் சுவரில ஒட்டோணும், வா. பிள்ளை சொல்லுறதைக் கேட்டுக்கொள்," என்றார்.